விமான ரேடியோவுக்கு வைத்த சந்தனம்

கிண்ணத்துல சந்தனத்தைத் தண்ணியா கரைச்சுட்டேன். பொட்டு நிக்கல. வச்ச இடத்துலேர்ந்து வழிஞ்சு கீழே இறங்குச்சு.

ஆயுத பூஜை சாயங்காலம். திண்டுக்கல்லுல, நத்தம் ரோட்டுல எங்க மில் முதலாளிக்கு நீளமா ஒரு காலி நிலம் இருந்துச்சு. அதுல ஒரு தகரக் கொட்டகை. அதுக்குள்ள அவர் ஆசைப்பட்டு வாங்கின ரெண்டு சீட்டுக் குட்டி விமானம். மேல கூரை கிடையாது, காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். அதுக்கு மாலை போட்டாச்சு. ஸ்பேனர், திருப்புளி, மல்டிமீட்டர் எல்லாத்தையும் துடைச்சு சரஸ்வதி படத்துக்கு முன்னாடி அடுக்கியாச்சு. கடைசியா ரெண்டு கை ரேடியோ. ஒண்ணு மேல போறவனுக்கு, ஒண்ணு கீழே நிக்கிற எனக்கு.

மேல போற ரேடியோவைத் திருப்பி, முதுகுப் பக்கம் மூணு விரலால சந்தனத்தை இழுத்தேன். அதோட அடிப்பக்கம், சார்ஜர்ல உக்காருற இடத்துல, சட்டைப் பித்தான் அளவுக்கு ரெண்டு பித்தளைத் தகடு உண்டு. சந்தனம் வழிஞ்சு அது ரெண்டையும் மூடிருச்சு. பார்த்தேன். துடைக்கல. சாமிக்கு வச்சதை அப்பவே துடைக்கிறதாவதுன்னு அது மேலயே குங்குமத்தையும் வச்சு, ராத்திரி சார்ஜ் ஏறட்டும்னு சார்ஜரோடயே படத்துக்கு முன்னாடி உக்கார வச்சேன்.

பக்கத்துல நின்ன அருள் சிரிச்சான். "மாப்ள, உங்க சாமிக்கு ஷாக் அடிக்கப் போகுது"ன்னான்.

அருள்தான் அந்த விமானத்தை ஓட்டுறவன். நாகல் நகர்க்காரன், வேதக்காரன், கிறிஸ்தவன். பொரி கடலைக்கு முதல் ஆளா கையை நீட்டுவான். எனக்கு முப்பது வருஷச் சிநேகிதம்.

போன வாரம் இந்தத் தொடர்ல மோட்டார் எரிஞ்ச கதையைப் படிச்சு வயிறு வலிக்கச் சிரிச்சோம்னு பல பேர் சொன்னாங்க. இந்த வாரம் சிரிக்க ஒண்ணும் இல்ல. வேணாம்னா இந்தப் பக்கத்தைத் தள்ளிட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

அடுத்த நாள் காலையில அருள் அந்த ரேடியோவோட மேல போனான். உசுரோட வரல. அந்தச் சந்தனத்தைப் பத்தி அவன் சம்சாரத்துக்கிட்ட சொல்லணும்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவங்க வீட்டுக்குப் போவேன். சாப்பிடுவேன். சொல்லாம திரும்பி வருவேன். இப்படியே வருஷக்கணக்கா ஓடிருச்சு.

நாலு விஷயம்

மில்லுல எனக்கு எலெக்ட்ரீஷியன் வேலை. முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "சேகர், விமானத்துக்குப் பேசுற ரேடியோ வாங்கப் போறேன், நீதான் கீழே நின்னு பேசணும்"னார். மாட்டேன்னு சொல்ல வாய் வரல. அதுக்குப் பரீட்சை, லைசென்ஸு, வீட்டுக்குப் போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. விசாரிக்க வந்தவர் பக்கத்து வீட்டுல என்னைப் பத்திக் கேக்க, அவங்க நான் எதையோ திருடிட்டேன்னு நினைச்சு ரெண்டு மாசம் என் வீட்டுக்காரியோட பேசல.

செட்டு உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசு. பொத்தானை அமுக்கினா நம்ம பேச்சு போகும், விட்டா அவன் பேச்சு வரும். ஒருத்தன் பேசுறப்ப இன்னொருத்தன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். வளவளன்னு பேசப்படாது. நான் யாரு, எங்க இருக்கேன், எம்புட்டு உசரம், என்ன செய்யப் போறேன். இந்த நாலுதான். அருளுக்கு இந்த நாலும் சுத்தமா இங்கிலீஷ்ல வரும். நான் எழுதி வச்சுப் படிப்பேன்.

விமானத்துல இருந்து பேசுறப்ப அவன் ஒரு கையை வாய்கிட்ட கொண்டு போயி, ஹெல்மெட்டோட இருக்கிற சின்ன மைக்கை உதட்டோட அமுக்கிக்குவான். காத்து இரைச்சல் உள்ள போகாம இருக்க அது ஒரு வழி.

அதே செட்டுல இன்னொரு வித்தையும் உண்டு. மதுரை விமான நிலையத்துல ஒரு நிலையம் ராப்பகலா சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். செட்டை அதுக்குத் திருப்பினா, மதுரையிலேர்ந்து நாம எந்தத் திசையில இருக்கோம்னு திரையில டிகிரி கணக்குல வரும். அருள் எங்க நிலத்தோட எண்ணைச் சின்னக் காகிதத்துல எழுதி சீட்டுக்குப் பக்கத்துல ஒட்டியிருந்தான். அந்த எண் வந்தா வீட்டுப் பக்கம் வந்தாச்சுன்னு அர்த்தம்.

ஆனா அதுல ரெண்டு குறை. ஒண்ணு, எங்க செட்டுல திசை பார்க்கிறப்ப பேச முடியாது, பேசுறப்ப திசை தெரியாது. இன்னொண்ணு, அது திசையை மட்டும்தான் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. மதுரையில நின்னு பார்த்தா சிறுமலையும் திண்டுக்கல்லும் கிட்டத்தட்ட ஒரே திசை. முதல்ல மலை, அதுக்குப் பின்னாடி ஊர். ரெண்டுக்கும் ஒரே எண்தான்.

இதை அருள் என்கிட்ட சொன்னப்ப, அப்ப எது ஊர், எது மலைன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். அவன் அசால்ட்டா சொன்னான், "நம்ம ஊர் மலைக்கோட்டைதான் கண்ணுக்குத் தெரியுமே. தெரியலைன்னா உன்கிட்ட கேப்பேன், எந்தப் பக்கம் வெளுத்திருக்குன்னு. அதுக்குத்தானே உன்னைக் கீழே நிறுத்தியிருக்கு"ன்னு.

நல்ல நேரம்

பூஜையில வச்ச சாமானை அன்னிக்குத் தொடக் கூடாது. விஜயதசமி காலையில மறுபடி கற்பூரம் காட்டி எடுத்து, பேருக்காவது ஒரு வேலை செய்யணும். தறிக்காரர் நாலு இழை ஓட்டுவார், டிரைவர் தெருமுனை வரைக்கும் வண்டியை எடுத்துட்டு வருவார். எங்க கொட்டகையில அது ஒரு சின்னச் சுத்து பறக்கிறது.

அன்னிக்கு அருளுக்கு மனசே இல்ல. சிறுமலை உச்சியில காலையிலேயே மேகம் உக்காந்திருந்துச்சு. ஐப்பசி பொறந்தாச்சு, நம்ப முடியாது, நாளைக்குப் பாத்துக்கலாம்னான். நான் விடல. நல்ல நேரம் பத்தரையோட முடியுது, நத்தம் மாந்தோப்பு வரைக்கும் போயிட்டு அரை மணியில வந்துரலாம், நாளைத் தள்ளிப் போட்டா வருஷம் பூரா வேலை விளங்காதுன்னு நச்சரிச்சேன். அவன் சாமியும் இல்ல, அவன் நாளும் இல்ல. எனக்காகப் போனான்.

கற்பூரம் காட்டி ரேடியோவை எடுத்து நானே அவன் கையில கொடுத்தேன். பேட்டரி எவ்வளவு இருக்குன்னு பார்க்கல. பக்கத்துல நின்னு பேசிப் பார்த்தோம், கணீர்னு கேட்டுச்சு, அது போதும்னு விட்டுட்டேன்.

போன கொஞ்ச நேரத்துல ஒரு தடவை பேசினான். நத்தம் கிட்ட வந்துட்டேன், ஆயிரத்து ஐநூறு அடி, தோப்பைச் சுத்திட்டுத் திரும்புறேன். அந்தப் பக்கம் போனா மலையோட ஓரம் இடையில வருமா, குரல் கரகரன்னுதான் வரும். நானும் சரின்னேன்.

அப்பத்தான் முதலாளி வீட்டு ஆளுங்க ரெண்டு கார்ல வந்து இறங்குனாங்க. விஜயதசமிக்கு விமானம் பாக்க வந்தவங்க. சுண்டல் கொடுத்து, உக்கார வச்சு, ரேடியோ எப்படி வேலை செய்யுதுன்னு விளக்கிச் சொன்னேன். அவங்களும் நல்லாக் கேட்டாங்க.

செத்த நேரத்துல மலை மறைஞ்சு போச்சு. நத்தம் பக்கம் முழுக்க ஒரே வெள்ளைத் திரை, மழை. எங்க தலைக்கு மேல மட்டும் பளிச்சுன்னு வெயில். "அருள், திரும்பி வா, வடக்குப் பக்கமா சுத்தி வா, இங்க வெளுத்திருக்கு"ன்னு ஒரு தடவை சொன்னேன். பதில் இல்ல. கேட்டுச்சான்னு கேட்டேன். பதில் இல்ல. ரெண்டு மூணு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். மலை மறைக்குது, கேக்கல போல, எப்படியும் வந்துருவான்னு பேசுறதை நிறுத்திட்டேன். வந்தவங்களுக்குக் காபி போட ஆள் அனுப்பினேன். பாவி, காபிக்கு ஆள் அனுப்பினேன்.

அவன் போன்ல மேப் இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு. கொட்டுற மழையில நனைஞ்ச திரை விரலுக்கு அடங்காது.

மறுநாள் மலை மேல வாழைத்தோட்டத்துல வேலை பார்க்கிறவங்கதான் விமானத்தைப் பார்த்தாங்க. திசை காட்டுற எண் சரியாத்தான் இருந்திருக்கும். எங்க நிலத்தோட எண். ஊர் வந்துருச்சுன்னு கீழே இறக்கியிருக்கான், அங்க இருந்தது மலை. ரேடியோ நொறுங்கிக் கிடந்துச்சு.

நத்தத்துல மாந்தோப்புக் காவல்காரர் ஒருத்தர் விசாரணையில ஒண்ணு சொன்னார். மழைக்குள்ள விமானம் தாழ்வா ரொம்ப நேரம் சுத்துச்சு, அதுல இருந்தவர் ஒரு கையை வாய்கிட்ட வச்சுக்கிட்டே இருந்தார்னு.

அதைக் கேட்டப்ப எனக்குச் சந்தனம் ஞாபகம் வந்துச்சு. காஞ்ச சந்தனம் தகடை மூடி, சார்ஜ் ஏறாம, செத்த பேட்டரியை வச்சுக்கிட்டு என் சிநேகிதன் பேசிப் பேசிப் பார்த்திருக்கான். அப்படித்தான் எனக்குள்ள நான் எழுதி வச்சுக்கிட்டேன். விசாரிச்சவங்க மேகம், மழைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. என் விரலைப் பத்தி யாரும் கேக்கல.

ஸ்பிரிட் பஞ்சு

ஸ்டெல்லா அருளோட சம்சாரம். ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்காங்க. அவன் போனதுக்கு அப்புறம் பிள்ளைங்களை ஒத்தையா படிக்க வச்சு ஆளாக்கிட்டாங்க. என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நான் கீழேதான் நின்னேன்னு தெரியும், இருந்தும் கேட்டதில்ல. கூடப் பொறந்தவன் மாதிரி, அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டு, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து எனக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பாங்க. அந்தச் சோத்தைத் தின்னுட்டு வீட்டுக்குப் போயி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சொல்லிட்டேன். இந்தத் தொடரை எழுத ஆரம்பிச்சதிலேர்ந்து அருளைத் தாண்டிப் போக முடியல. குழம்பு ஊத்திக்கிட்டு இருந்தாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, சந்தனம் வழிஞ்சது, தகடு மூடினது, துடைக்காம விட்டது, எல்லாத்தையும் சொன்னேன். "என்னாலதான் அந்த ரேடியோ செத்துப் போச்சு, ஸ்டெல்லா"ன்னேன்.

அவங்க கரண்டியை வச்சாங்க. என் முதுகுல கையை வச்சாங்க.

"இதையா இம்புட்டு வருஷமா சுமந்துக்கிட்டுத் திரியுறீங்க? அந்தச் சந்தனத்தை நான் அன்னிக்கு ராத்திரியே துடைச்சுட்டேனே அண்ணே."

எனக்கு விளங்கல. அவங்களே சொன்னாங்க. பூஜை முடிஞ்சு நான் கிளம்பினதும் அருள் ரேடியோவையும் சார்ஜரையும் சட்டைக்குள்ள வச்சு வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கான், சார்ஜ் போட. தகடெல்லாம் சந்தனமா இருக்கு பாருன்னு ஸ்டெல்லாகிட்ட காட்டியிருக்கான். ஆஸ்பத்திரியிலேர்ந்து கொண்டு வந்த ஸ்பிரிட் பஞ்சால அவங்க பளிச்சுன்னு துடைச்சிருக்காங்க. விடிய விடிய கட்டில் பக்கத்துலயே சார்ஜ் ஏறியிருக்கு. பேட்டரி முழுசா இருந்ததைக் காலையில ரெண்டு பேரும் பார்த்திருக்காங்க.

பூஜையில வச்சதை எடுத்தா சேகரு சண்டைக்கு வருவான், அவன்கிட்ட மூச்சு விட்டுராதன்னு சொன்னானாம். நான் வர்றதுக்குள்ள போயி படத்துக்கு முன்னாடி திருப்பி வச்சுட்டு, எனக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு தகடை விட்டுத் தள்ளி அவன் கையாலேயே புதுசா சந்தனமும் வச்சிருக்கான். ஸ்டெல்லா இதைச் சொல்றப்ப சிரிச்சாங்க. கண்ணும் நிறைஞ்சுது.

"நிம்மதியா சாப்பிடுங்கண்ணே. உங்க மேல தப்பே இல்ல"ன்னாங்க.

சாப்பிட முடியல. கையைக் கழுவிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். சந்தோஷத்துல வயித்துக்குள்ள இறங்கலன்னு அவங்க நினைச்சிருப்பாங்க.

விட்டுப் போனது

மேல, கார்ல ஆளுங்க வந்தாங்க, ரேடியோவை விளக்கிச் சொன்னேன்னு எழுதினேன்ல. அங்க ஒண்ணை விட்டுட்டேன். வேணும்னேதான் விட்டேன். இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்ட கதையிலயும் அது கிடையாது.

இந்த ரேடியோ சும்மா இருக்கிறப்ப உஸ்ஸ்னு இரைஞ்சுக்கிட்டே இருக்கும். அந்த இரைச்சலை அடைக்க ஒரு திருகு உண்டு. திருகிட்டா அமைதியாயிரும், பலமா வர்ற பேச்சு மட்டும்தான் கேக்கும். ஆனா தூரத்துலேர்ந்து மெலிசா வர்ற பேச்சு இருக்கே, அது அந்த இரைச்சலுக்குள்ளதான் வரும். இரைச்சலை அடைச்சா அந்தப் பேச்சும் சேர்ந்து அடைபட்டுரும். அதனால அருள் நத்தம் பக்கம் போனா நான் திருகை முழுசா திறந்து வச்சு, காதோட வச்சுக்கிட்டு இருப்பேன். இது எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

அன்னிக்கு வந்தவங்கள்ல ஒரு அம்மா, என்னப்பா இது காதைக் குடையுதுன்னாங்க. அதுக்கென்னம்மா, இப்பப் பாருங்கன்னு பெருமையா திருகினேன். கடைசி வரைக்கும் திருகினேன். கொட்டகை அமைதியாயிருச்சு. அட, நல்லாருக்கேன்னாங்க. நானும் இளிச்சேன்.

திருப்பித் திறக்கல. மறந்துட்டேன். அந்தத் திருகோடதான் அருள் அருள்னு கூப்பிட்டேன். நான் பேசினது அவனுக்கு அரைகுறையாத்தான் போயிருக்கும். அவன் பதில் சொல்லியிருப்பான். எந்தப் பக்கம் வெளுத்திருக்குன்னு கேட்டிருப்பான். கேட்டுக்கிட்டே சுத்தியிருப்பான். நான் செட்டை மேசையில வச்சுட்டு, சத்தமே இல்லையேன்னு காபிக்கு ஆள் அனுப்பினேன்.

சாயங்காலம் எல்லாரும் ஓடி அலைஞ்சு ஓய்ஞ்சப்பதான் திருகு எங்க நிக்குதுன்னு பார்த்தேன். யாரும் பார்க்கிறாங்களான்னு திரும்பிப் பார்த்துட்டு, பழைய இடத்துக்குத் திருகி வச்சேன். அந்த நிமிஷம் நான் செஞ்சதுக்கு எனக்குப் பேரு தெரியல. மறந்தது வேற, இது வேற. அப்புறம் சந்தனத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். அந்தத் தப்புல பாதியைச் சாமி மேல போட்டுக்கலாம். இதைச் செஞ்சது நான் மட்டும்தான்.

நம்ம ஆளு எழுதுறாருன்னு ஸ்டெல்லா இந்தத் தொடரை வார்டுல எல்லாருக்கும் காட்டுவாங்க. அவங்க இதை அங்க நின்னுக்கிட்டுப் படிக்கக் கூடாதுன்னு, போன ஞாயித்துக்கிழமை எழுதின தாள்களோட நாகல் நகர் போனேன். சாப்பாட்டுக்கு முன்னாடியே உக்கார வச்சுப் படிச்சுக் காட்டினேன். திருகுற இடம் வந்தப்ப நிறுத்திட்டேன். அவங்க தாளை வாங்கி மிச்சத்தை மனசுக்குள்ள படிச்சுக்கிட்டாங்க.

அடுப்புல குக்கர் விசில் அடிச்சுது, போயி அணைச்சுட்டு வந்தாங்க.

"எம்புட்டு நேரம் அடைச்சு வச்சிருந்தீங்க?"

"சாயங்காலம் வரைக்கும். அதுல அவன் பறந்துக்கிட்டு இருந்தது நாப்பது நிமிஷம் இருக்கும்."

"அவரு அம்புட்டு நேரமும் பேசியிருப்பாருல்ல?"

ஆமான்னேன்.

தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கி என் கையில கொடுத்தாங்க. வாசக் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் செருப்பை மாட்டுற வரைக்கும் என் மூஞ்சியைப் பார்க்கல.

"இதை அப்படியே போடுங்க. எங்க ரெண்டு பேரோட பேரை மட்டும் எடுத்துருங்க, சார்."

எடுத்துட்டேன். அருள்ங்கிறதும் ஸ்டெல்லாங்கிறதும் அவங்க பேரு இல்ல.